மூன்று பத்துக்குக் காற்று இல்லை

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து மூன்று நாளாகிறது. ஜீப் பாதி மலையில் மக்கர் பண்ணியதால் மீதி வழியை நடந்தே ஏறினேன். நீ பையில் திணித்த அப்பாவின் ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் கை என் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. மனுஷன் அவ்வளவு சின்ன ஆளாக இருந்தார் என்பதே இப்போதுதான் உறைக்கிறது.

இங்கே எதுவும் மாறவில்லை. எண்பது மீட்டர் இரும்புக் கம்பம், உச்சியில் சுற்றும் கிண்ணங்கள், அடியில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் நான். கிண்ணம் காற்றை அளக்கும், கீழே இருக்கும் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளும். பெட்டிக்குத் தீனி போடுவது என் உத்தியோகம். அதன் சோலார் தகடு ஏப்ரலில் உடைந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று முதலாளி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதுவரை நாலு நாளைக்கு ஒரு தடவை பேட்டரி மாற்ற வேண்டும்.

நான் இல்லாத நாட்களில் மாற்றச் சொல்லி ஜீப்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது கேட்டால், "எங்கிட்டயா சொன்ன? எப்ப சொன்ன?" என்கிறார். பெட்டி ஜூன் ஒன்றாம் தேதி, நான் இறங்கிய அன்றே, நாலு நாள் கெடு முடிந்து படுத்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி வந்து நான்தான் உயிர் கொடுத்தேன். நடுவில் இருபது நாள் வெறும் வெள்ளைத்தாள். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பார். குதிக்கட்டும், எனக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

போன் பண்ணிப் பார்க்காதே, டவர் இல்லை. வியாழக்கிழமை ஜீப்தான் தபால்.

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

உன் கடிதத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். அப்பாவுக்கு வாடகைக்கு எடுத்த கட்டிலை ஆஸ்பத்திரிக் கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது இருந்த இடத்தில் தரையில் நாலு பள்ளம். ஆபீசிலிருந்து வந்ததும் பழக்கதோஷத்தில் அந்த அறைக்குள் போய் லைட் போடுகிறேன், பிறகு அணைத்துவிட்டு வருகிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே இருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் நான் ஒருத்தி அவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டினேன். நீ கடைசி இரண்டு வாரம் வந்தாய். வந்தவர்கள் எல்லாம், "கடைசி வரைக்கும் மகன் கூட இருந்து பாத்துக்கிட்டானே" என்று உன்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பத்தொன்பதாம் தேதி பையைத் தூக்கியவனை, அந்த அறையை என்னால் தனியாகக் காலி பண்ண முடியாது, இன்னும் இரண்டு நாள் இரு என்று பிடித்து வைத்ததும் நான்தான். எரிச்சலும் உண்டு, நீ இருந்தது ஆறுதலாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஆபீசில் புது டெண்டர். காற்றாலைக் கரண்டை இருபத்தைந்து வருடத்துக்கு யார் மலிவாகத் தருவீர்கள் என்று எங்கள் மின்வாரியம் கம்பெனிகளைக் கூப்பிட்டிருக்கிறது. ஆளுக்கு இரண்டு உறை. முதல் உறையில் இடம், மெஷின், ஒரு வருடம் காற்றை அளந்த கணக்கு. அதில் தேறினால்தான் விலை எழுதின இரண்டாவது உறையைப் பிரிப்போம். தேறாதவர்களுக்கு அது பிரிக்காமலே திரும்பிப் போகும். முதல் உறைக் கமிட்டியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். உறவுக்காரர் யாரும் எந்தக் கம்பெனியிலும் இல்லை என்று ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள், மலையில் பெட்டிக்குத் தீனி போடுகிற ஒருத்தனைத் தவிர.

அந்த ஸ்வெட்டரைத் துவைக்காதே.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

முதலாளி குதித்தார். குதித்து ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இந்த மலையின் காற்றுக் கணக்கு முழுவதையும் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டாராம். அவர்கள் ஒரு டெண்டரில் இறங்குகிறார்களாம். ஜெயித்தால் எனக்கு மலைக்குக் கீழே, நம் ஊரிலேயே அவர்கள் ஆபீசில் நிரந்தர வேலை. "மலையிலேயே கெடந்து என்ன பண்ணப் போற? அக்காவோட வீட்டுல இருந்துக்கிட்டே வேலைக்குப் போயிட்டு வரலாம்ல" என்றார். நான் கேட்காமலே அவர் வாயில் வந்தது.

எந்த டெண்டர் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதனால் கேட்கிறேன். ஒரு வருடக் கணக்கில் இருபது நாள் இல்லாவிட்டால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? அப்பா செத்ததற்கு என்று சொன்னால் விட்டுவிடுவார்களா?

தம்பி


ஜூலை 31

தம்பிக்கு,

உனக்கு மூளை கழன்றுவிட்டதா? டெண்டர் நடக்கும்போது கமிட்டியில் இருக்கிறவளிடம் இப்படிக் கேட்பார்களா? கம்பெனி பெயரைச் சொல்லித் தொலைக்காமல் விட்டாயே, அந்த மட்டும் புண்ணியம். இனியும் சொல்லாதே. சொன்னால் நான் கமிட்டியை விட்டு எழுந்து போக வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்பெனி எழுத்தில் கேட்க வேண்டும். எல்லாக் கேள்விகளையும் வரிசை எண் போட்டு, யார் கேட்டது என்ற பெயரை எடுத்துவிட்டு, பதிலோடு எல்லோருக்கும் அனுப்புவோம். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நியாயம். உன் முதலாளியைக் கேட்கச் சொல். என்னைக் கேட்காதே.

இங்கே வந்து இருப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் எழுதக் கூடாது, எழுதவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதவே கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்.

மொத்தம் நாற்பத்திரண்டு கேள்வி வந்தது. இறக்குமதி மெஷினுக்கு வரி யார் கட்டுவது, லைன் போடுவது யார், இப்படி வழக்கமான கழுத்தறுப்புதான். முப்பத்தொன்றாவது இது: "காற்று அளக்கும் இடத்தில் தனியாக வேலை செய்பவர், தகப்பனார் இறந்ததால் இருபது நாள் ஊருக்குப் போக நேர்ந்து, அந்த நாட்களில் அளவீடு நின்றிருந்தால், வாரியம் அதை ஏற்குமா?"

பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? உலகத்தில் எந்தக் கம்பெனி இப்படிக் கேள்வி கேட்கும்? நீ எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பியிருக்கிறார்கள். கமிட்டித் தலைவர் சத்தமாகப் படித்துவிட்டு, "இதென்னங்க, நம்மள துக்கம் விசாரிக்கக் கூப்பிடறாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தம்பி. சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று பார்ப்பார்களே என்று சிரித்தேன்.

பதிலை டைப் அடித்ததும் நான்தான். "அளவீட்டு இடைவெளி ஆண்டின் ஐந்து சதவீதத்துக்கு, அதாவது பதினெட்டு நாட்களுக்கு, மேற்படக் கூடாது. காரணம் கருத்தில் கொள்ளப்படாது."

அன்றைக்கே எழுந்து, இது என் தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ இங்கே வந்துவிடுவாய் என்ற ஆசை வாயைக் கட்டிவிட்டது. கம்பெனிப் பெயர் எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

முப்பத்தொன்றுக்குப் பதில் கிடைத்தது. நல்லா டைப் அடிக்கிறாய்.

பதினெட்டு நாளாம். பத்தொன்பதாம் தேதி நான் பையைத் தூக்கினேன். அன்று கிளம்பியிருந்தால் சரியாகப் பதினெட்டு. ஓர் அலமாரி, இரண்டு பெட்டித் துணி, ஒரு சக்கர நாற்காலி. அதைக் காலி பண்ண இரண்டு நாள்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்கிறேன்தான். எனக்கே தெரியவில்லை.

முதலாளி, வேறு வழி இருக்கிறது என்கிறார்.

தம்பி


அக்டோபர் 2

தம்பிக்கு,

முதல் உறைகளைப் பிரித்துவிட்டோம். ஏழு கம்பெனி. மூன்றாவது கம்பெனியின் தாள்களில் உன் மலையின் பெயர் இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒரு வருடம் முழுவதும் இருக்கிறது. ஒரு வரி குறையவில்லை. ஜூன் ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை மலையில் காற்று ஜோராக அடித்திருக்கிறது. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த நாட்கள். பெட்டி அணைந்து கிடந்தது என்று நீயே எழுதிய கடிதம் என் மேசை டிராயரில் இருக்கிறது.

வாரியம் வைத்திருக்கும் ஆலோசகர் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு குறிப்புத்தான் போட்டிருக்கிறார்: ஜூன் 14 பிற்பகல் 3.10க்கு ஒரு வரி மட்டும் சுழியம், கருவியின் சிறு தடங்கல், பொருட்படுத்த வேண்டியதில்லை. அதைப் படித்ததும் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டேன். அப்பா கையை விட்டுவிட்டு, மூன்று பத்து என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னபோது, அவரைத் தவிர அந்த அறையில் இருந்தது நாம் இரண்டு பேர்தான்.

ஏழு பேரில் இன்னொரு கம்பெனி, சின்னது, தன் கணக்கில் பதினேழு நாள் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இடி விழுந்ததாம். உண்மையைச் சொன்னதற்கு அவர்களுக்கு மதிப்பெண் குறைத்தோம். உங்கள் ஆட்களுக்கு முழு மதிப்பெண். இருபத்தைந்து வருடத்துக்கு ஊர் விளக்கெரியப் போவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

வருகிற பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், இப்படிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அந்த இருபது நாளில் மலையில் வேறு யாராவது இருந்தார்களா? வேறு ஒரு பெட்டி ஓடியதா? ஆமாம் என்று ஒரு வரி எழுது. எழுதினால் நம்பிவிடுகிறேன். கையெழுத்துப் போடுகிறேன், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். அந்த அறையைச் சுத்தம் பண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா


அக்டோபர் 7

அக்காவுக்கு,

உன் கடிதம் கொண்டுவந்த ஜீப்பிலேயே இது போக வேண்டும். ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் கொஞ்சம் படுத்துத் தூங்குங்கள் என்று கெஞ்சிவிட்டு எழுதுகிறேன்.

நீ கேட்ட ஒரு வரியைத்தான் முதலில் எழுதப் பார்த்தேன். ஆமாம், வேறு ஆள் இருந்தார். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். யாரும் இல்லை, அக்கா. பெட்டியும் இல்லை. நான்தான் போட்டேன்.

முதலாளி லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, "மே மாசக் காத்த எடுத்து, கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போடு. யாரு பாக்கப் போறா?" என்றார். ஒரு நாளைக்கு நூற்றி நாற்பத்து நாலு வரி. இருபது நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. மூன்று பகல் உட்கார்ந்தேன். முதல் நாளிலேயே மே மாதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தேதியைப் பார்த்தால் அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. அப்பா இருமாமல் தூங்கிய மத்தியானத்துக்கு மெல்லிய காற்றாகப் போட்டேன். நீயும் நானும் மருந்துச் சீட்டுக்காகச் சண்டை போட்டோமே, அதற்கு நொடிக்குப் பதினொரு மீட்டர். அவர் கண்ணைத் திறந்து உன்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலைக்கு நாலரை.

பதினாலாம் தேதி மூன்று பத்துக்கு வந்தேன். கை ஓடவில்லை. சுழியம் போட்டேன். மூன்று இருபதுக்கு மறுபடி காற்று. அப்புறம் திருத்தியிருக்கலாம். முதலாளிகூட, "இதென்னடா ஓட்ட?" என்று கேட்டார். அது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நீ பார்ப்பாய் என்று நினைத்தா விட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த ஒரு வரியில் மட்டும் பொய் எழுத மனசு வரவில்லை. மீதி இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதும் பொய்.

அந்த இரண்டு நாளைச் சொல்லிக் குத்தினேன். தப்பு. நீ பிடித்து வைத்திருக்காவிட்டாலும் நான் இருந்திருப்பேன். எனக்கும் தனியாக மலை ஏறப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். ஜீப்காரர் எழுந்துவிட்டார்.

தம்பி


அக்டோபர் 13

தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேசை மேல் வைத்துவிட்டு வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை தலைவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அந்தக் கணக்கை எழுதினது என் தம்பி, அந்த நாட்களில் அவன் என் வீட்டில் இருந்தான் என்று ஆரம்பித்தேன். முப்பத்தொன்றாவது கேள்வி அவனுடையது என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அன்று சிரித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை என்னிடம். உன் ஜூன் மாதக் கடிதத்தையும் சனிக்கிழமை வந்த கடிதத்தையும் கொடுத்தேன். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று எண் போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுக்காக நீ எழுதியதை ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கம்பெனி போய்விட்டது. அவர்களுடைய விலை உறை பிரிக்காமல் திரும்பிப் போகிறது. பதினேழு நாளை ஒப்புக்கொண்ட சின்னக் கம்பெனி தேறிவிட்டது. என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். அது முடிகிற வரை மீட்டர் புகார் ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் வந்து திட்டுகிறார்கள். திட்டட்டும், அதற்காவது எனக்குப் பதில் தெரியும்.

உன் வேலையைப் பிடுங்கினது நான்தான். நான் கேட்ட அந்த ஒரு வரியை நீ பொய்யாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன், சத்தியமாகப் போட்டிருப்பேன். நீ எழுதாததால் நாம் இரண்டு பேரும் நடுத்தெருவில் நிற்கிறோம். எனக்கு அதில் வருத்தமும் இருக்கிறது, நிம்மதியும் இருக்கிறது. ரொம்ப அசதியாக இருக்கிறது, தம்பி.

கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு. நிரந்தர வேலை கிடைத்தால்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

முதலாளி நேற்றே வந்து கத்திவிட்டுப் போனார். கம்பத்தை இறக்க அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணிவிட்டு அடுத்த வியாழன் ஜீப்பில் வருகிறேன். கட்டில் வேண்டாம், பாய் போதும். அந்த நாலு பள்ளத்தை நான் வந்து சிமென்ட் வைத்து அடைக்கிறேன்.

பெட்டியோடு ஒரு நோட்டு உண்டு. பெட்டி நின்றால் அதில் எழுத வேண்டும். நின்ற தேதி, ஓடிய தேதி, காரணம் என்று மூன்று கட்டம். வருடம் முழுக்க நான் அதைத் திறந்ததே இல்லை. இன்றைக்குத் திறந்தேன். ஜூன் 1, ஜூன் 21 என்று எழுதினேன். காரணம் என்ற கட்டம் ரொம்பச் சின்னது. அப்பா என்று எழுதினேன், இடம் சரியாக இருந்தது.

யாரும் கருத்தில் கொள்ள மாட்டார்கள். இருக்கட்டும் என்று மூடி வைத்துவிட்டேன்.

தம்பி